பாலம் தூக்காத காலை

அத்தியாயம் பதினொன்று

ஹோல்கம் வந்து போனதிலிருந்து மாரித்துக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அம்மா சிரித்தால் சந்தேகம். தம்பி சிரிக்காவிட்டால் சந்தேகம்.

ஏழு உல்லாசப் படகுகளுக்குச் சொந்தக்காரரான ஹோல்கம், சென்ற வாரம் அவர்கள் குடும்பப் படகு லெம்பியின் தளத்தில் நின்றுகொண்டு, "இந்தப் படகுத் துறையை என்கிட்ட விட்டுடுங்களேன். நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார். அம்மா முடியாது என்றாள். மாரித் முடியவே முடியாது என்றாள். தம்பி ஆர்னி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "யோசிக்கலாமே" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காக மாரித் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அப்பா பெயரைக் கெடுக்க வந்தவன் என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவன் பதில் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அவர் ஏற்படுத்திவிட்டுப் போன ஏற்பாடு எளிமையானது. சுக்கான் சக்கரம் மகன் ஆர்னிக்கு. சுற்றுலாக்காரர்களுக்கு ஊர்க்கதை சொல்லும் மைக் மகள் மாரித்துக்கு. டிக்கெட் ஜன்னல் அம்மா டெலோரெஸுக்கு. படகு ஓட்டும் உரிமம் ஆர்னி ஒருவனிடம்தான் இருந்தது. அவன் வந்தால் லெம்பி நகரும், வராவிட்டால் கரையிலேயே கிடக்கும்.

இன்றைக்குச் சனிக்கிழமை. ஜூன் மாதத்துச் சனிக்கிழமையில் டுலூத் நகரம் உள்ளூர்க்காரர்களுக்குச் சொந்தமில்லை. ஏரிக்கரை நடைபாதை முழுக்க வாடகை சைக்கிள்கள். புகை போட்ட மீன் விற்கும் கடையில் தெருமுனை வரை வரிசை. கூழாங்கல் கரையில் பெரியவர்களும் குழந்தைகளும் குனிந்து குனிந்து அகேட் என்கிற வண்ணக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் இருந்தது. ஏரியைத்தான் காணவில்லை.

சுப்பீரியர் ஏரி மீதிருந்து எழுந்த பனிமூட்டம் கால்வாய், கலங்கரை விளக்கு, தூக்குப் பாலம் எல்லாவற்றையும் முழுங்கிவிட்டுத் துறைக்கு வந்து நின்றது. லெம்பியின் முன்பக்கம் தெரிந்தது. பின்பக்கம் இருக்கிறது என்று நம்பத்தான் வேண்டும்.

துறையில் அயோவாவிலிருந்து பஸ்ஸில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டமொன்று நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே மஞ்சள் நிறத் தொப்பி. அவர்களுக்குத் தலைவி வாண்டா என்கிற பருத்த அம்மாள். நாற்பது வருடம் வகுப்பறையைக் கட்டி மேய்த்த குரல் அவளுக்கு.

"ஏம்மா, இங்க உலகத்திலேயே பெரிய ஏரி ஒண்ணு இருக்குன்னு சொல்லி எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. எங்க அது?"

"இருக்கு. இன்னும் நாலு அடி வச்சீங்கன்னா உங்க செருப்புக்குத் தெரியும்" என்றாள் மாரித்.

மஞ்சள் தொப்பிகள் சிரித்தன. வாண்டாவின் கணவர் மெர்ல் மட்டும் சிரிக்காமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஏதோ ஒன்றை நேற்று ராத்திரிதான் அதில் இறக்கி வைத்திருந்தாராம்.

"இவர் ஏரியைப் பார்க்க வரல. போனைப் பார்க்க வந்திருக்காரு. அயோவாவிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாம்" என்றாள் வாண்டா.

மாரித் டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். உள்ளே அம்மா, சர்க்கரை தூவிய டோனட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆர்னி எங்க? பனி விலகினா உடனே கிளம்பணும்."

அம்மா தலை நிமிரவில்லை. "போன் பண்ணான். பாலத்துல மாட்டிக்கிட்டானாம்."

"ஓ" என்று மாரித் திரும்பிவிட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

டுலூத்தில் யாருக்கும் தோன்றாது. அம்மாவும் ஆர்னியும் குடியிருக்கிற பார்க் பாயின்ட் என்பது ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் நாக்கு. ஊருக்குள் வர அந்தத் தூக்குப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. கப்பல் வந்தால் பாலம் மேலே போய்விடும். கார்கள் அப்படியே நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதா, பாலம். பாதிரியார் பிரசங்கத்துக்கு வரவில்லையா, பாலம். மாப்பிள்ளையே மேடைக்கு வரவில்லை என்றாலும் பாலம் என்று சொன்னால் பெண் வீட்டார் இன்னொரு காபி கேட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஊரில் குறுக்குக் கேள்வி இல்லாத ஒரே சாக்கு அதுதான்.

மாரித் அயோவாக்காரர்களிடம் திரும்பி வந்தாள். "கேப்டன் பாலத்துல மாட்டிக்கிட்டாரு. கப்பல் போனதும் வந்துடுவாரு."

வாண்டாவின் முகம் சுருங்கியது. "அடக் கடவுளே! அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். கப்பல் ஒரு தடவை நீளமா, ரெண்டு தடவை குட்டையா ஊதும், பாலமும் பதிலுக்கு அதே மாதிரி ஊதும்னு ஹோட்டல்ல சொன்னாங்க. விடிஞ்சதுலேர்ந்து இங்கயே நிக்கறோம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையே?"

"உனக்குக் காது மந்தம்" என்றார் மெர்ல், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"நீங்க என்னிக்காவது கத்தினாதான் கேட்கும். கப்பல் ஊதினா ஊருக்கே கேட்கும்னாங்க."

மாரித் சிரித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் பாலத்துப் பக்கம் திரும்பினாள்.

வாண்டாவுக்குக் காது மந்தமில்லை. சத்தமே வரவில்லை. விடிந்ததிலிருந்து மாரித் இதே துறையில் கயிறும் வாளியுமாக நின்றுகொண்டிருந்தாள். பாலத்தைக் கண் பார்க்கவில்லை, சரி. ஆனால் கப்பல் ஊதினால் நெஞ்சுக்கூடு அதிரும். பாலம் தூக்கும் முன் மணி அடிக்கும். ஒன்றும் இல்லை. ஒரு கப்பலும் வரவில்லை. பாலம் தூக்கவே இல்லை.

ஆர்னி பொய் சொல்லியிருக்கிறான்.

எதற்கு? யோசிக்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஹோல்கமைப் பார்க்கப் போயிருப்பான். ஊருக்கு மேலே மலைச்சரிவில்தான் அவர் அலுவலகம் இருந்தது.

பனி மெலிய ஆரம்பித்தபோது ஆர்னி வந்தான். பார்க் பாயின்ட்டிலிருந்து வருகிறவன் பாலத்துப் பக்கமிருந்து வர வேண்டும். இவன் மலைப் பக்கமிருந்து வந்த ஒரு வாடகைக் காரிலிருந்து இறங்கினான். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

"என்னடா இது? பனிமூட்டத்துல கூலிங் கிளாஸா?"

"ஸ்டைலுக்குத்தான், அக்கா. வெளியூர்ப் பொண்ணுங்க வந்திருக்காங்களே" என்று மஞ்சள் தொப்பிகளைக் காட்டினான். அவர்களில் யாருக்கும் வயது எழுபதுக்குக் குறைவில்லை. வழக்கமாக இதற்கு மாரித் சிரித்திருப்பாள்.

"எந்தக் கப்பல்?"

"எந்தக் கப்பல்?"

"உன்னை நிறுத்தி வச்ச கப்பல். பாலத்துல மாட்டிக்கிட்டியாமே."

ஆர்னி ஒரு கணம் டிக்கெட் ஜன்னல் பக்கம் திரும்பினான். பிறகு, "ஓ, அதுவா. பேரைப் பார்க்கலக்கா" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிப் போனான்.

பேரைப் பார்க்கவில்லையாம். புகைபோக்கியின் நிறத்தை வைத்தே எந்தக் கப்பல், எங்கிருந்து வருகிறது, என்ன சரக்கு என்று சின்ன வயதிலிருந்தே ஒப்பிக்கிறவன்! பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்று மாரித்துக்கு எரிச்சலாக வந்தது. பயணம் முடியட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மதியத்துக்குள் ஏரி திரும்பி வந்துவிட்டது. யாரோ போர்வையை உருவியது போலப் பனி போய், நீலம் நீலமாகத் தண்ணீர் கிடந்தது. அயோவாக்காரர்கள் கை தட்டினார்கள். இந்த ஊரில் ஏரிக்கு யாரும் கை தட்ட மாட்டார்கள். "பரவாயில்ல" என்பார்கள், அதுவும் யாராவது வற்புறுத்திக் கேட்டால்.

லெம்பி கிளம்பியது. மாரித் மைக்கில் கலங்கரை விளக்கின் கதை சொன்னாள். புயலில் கால்வாய்க்கு எதிரிலேயே உடைந்துபோன கப்பலின் கதை சொன்னாள். வாய் பாட்டுக்குப் பேசியது. மனசு, மேல்தளத்தில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி மேலேயே இருந்தது. துறையை விற்றுவிட்டானா? கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறானா?

பனிக்காக வெளியே நங்கூரம் போட்டிருந்த தாதுக் கப்பல் ஒன்று துறைமுகம் நோக்கி மெல்லத் திரும்பியது. ஒரு தெருவே நகர்ந்து வருகிற நீளம். மஞ்சள் தொப்பிகள் எல்லாம் ஒரே பக்கக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டன.

ஒலிபெருக்கியில் ஆர்னியின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "நண்பர்களே, நம்ம விளையாட்டுக்கு நேரமாச்சு! அந்தக் கப்பலோட பேரை யார் முதல்ல படிச்சுச் சொல்றாங்களோ, அவங்களுக்கு எங்க அம்மா கையால சுட்ட டோனட்!"

இந்த மே மாதம்தான் ஆரம்பித்த விளையாட்டு. சுற்றுலாக்காரர்களுக்குப் பைத்தியமாகப் பிடித்துப்போனது. குழந்தைகள் இதற்காகவே இரண்டாம் முறை டிக்கெட் எடுத்தார்கள். பெயரைச் சொன்னதும் ஆர்னி அந்தக் கப்பலின் ஜாதகத்தையே புட்டுப் புட்டு வைப்பான்.

தொப்பிகள் கண்ணைச் சுருக்கின. மெர்ல் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கார்ல் ஹார்கிரேவ்!" என்று கத்தினார்.

"சபாஷ்! சரியான விடை!" என்றான் ஆர்னி. "கார்ல் ஹார்கிரேவ். ஓஹியோவிலிருந்து வெறும் வயித்தோட வருது. இங்க இரும்புத் தாது ஏத்திக்கிட்டு..."

"என்ன சரியான விடை?" வாண்டாவின் குரல் மைக் இல்லாமலே அதை மிஞ்சியது. "எட்னான்னுல்ல எழுதியிருக்கு! எட்னா ஹார்கிரேவ்! எனக்கே கண்ணாடி இல்லாம தெரியுது!"

மாரித் நிமிர்ந்து பார்த்தாள். ஆளுயர வெள்ளை எழுத்தில் எட்னா என்றுதான் இருந்தது. எட்னாவும் கார்லும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைக் கப்பல்கள். அதே சிவப்பு, அதே புகைபோக்கி. பெயரைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். மெர்ல் போனில் ஜோடிக் கப்பலைத் தட்டியிருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி 'க்ளிக்' என்று அணைந்தது.

"கேப்டன் உங்களைச் சும்மா சோதிச்சுப் பார்த்தாரு!" என்று மாரித்தின் வாய் முந்திக்கொண்டது. "வாண்டா மேடம் பாஸ். மெர்ல் சார், போனைப் பார்த்து எழுதினா எத்தனை மார்க்னு உங்க வீட்டம்மாகிட்டயே கேட்டுக்குங்க."

படகே சிரித்தது. மாரித் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படிகளில் ஏறினாள். மே மாதத்திலிருந்துதான் விளையாட்டு. மே மாதத்திலிருந்துதான் ஆர்னி எந்தக் கப்பலின் பெயரையும் தானாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கடைசி இரண்டு படிகளை ஒரே தாவில் தாண்டினாள்.

லெம்பி கால்வாயை நோக்கித் திரும்பியிருந்தது. ஆர்னி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கறுப்புக் கண்ணாடி இப்போதும் இருந்தது.

நேர் எதிரில், தண்ணீர் மட்டத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயாக், ஒல்லியான துடுப்புப் படகு. அதை வாடகைக்கு எடுத்த யாரோ ஒரு தகப்பனும் சின்ன மகளும். துடுப்பைத் தூக்கி அந்தப் பெண் லெம்பிக்குக் கையாட்டியது.

"ஆர்னி, முன்னால."

"எங்க?" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் மாரித்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் பாய்ந்து வேக விசைக்கம்பியைப் பின்னுக்கு இழுத்தாள். "இடது! இடது பக்கம் திருப்பு! இன்னும்! போதும்."

லெம்பி முனகிக்கொண்டு விலகியது. கயாக் அலையில் எம்பி எம்பிக் குதித்தது. குழந்தை அதையும் விளையாட்டென்று நினைத்துக் கிறீச்சிட்டுச் சிரித்தது. கீழே அயோவாக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கரை வரும்வரை மாரித் அவன் தோளோடு தோளாக நின்றாள். இடது, வலது, மெதுவா. அவள் சொல்லச் சொல்ல அவன் திருப்பினான்.

பயணிகள் இறங்கி முடித்த பிறகுதான் அவன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணின் கருமணி இரண்டும் அகல விரிந்திருந்தன.

"மருந்து விட்டாங்க. அதனாலதான் வெளிச்சம் கூசுது. காலையில மலை மேல கண் டாக்டர்கிட்ட இருந்தேன்."

"எவ்வளவு நாளா?"

"குளிர்காலத்துலேர்ந்து. நடுவுல ஒரு புகை மாதிரி, அக்கா. ஓரமெல்லாம் தெரியுது. உன் காது தெரியுது, உன் முகம் தெரியல." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இனிமே கூடத்தான் செய்யுமாம், குறையாதாம்."

"அதனாலதான் ஹோல்கம்கிட்ட யோசிக்கலாம்னியா?"

அவன் தலையாட்டினான். மாரித்துக்குத் தான் அன்றைக்குப் பேசிய பேச்செல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றது. அவமானமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, அந்தக் குழந்தையின் துடுப்பு கண்ணிலேயே நின்றது.

"அறுபது பேர்டா, ஆர்னி. அறுபது பேரை ஏத்திக்கிட்டு! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதுக்குப் பதிலா பாலம், கப்பல்னு ஒரு பொய். கப்பலே வரல இன்னிக்கு!"

ஆர்னி புரியாமல் பார்த்தான். "நான் எங்கக்கா பாலம்னு சொன்னேன்? பல் வலி, பல் டாக்டர்கிட்ட போயிருக்கேன்னுதானே உன்கிட்ட சொல்லச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். மாரித் டிக்கெட் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அம்மா என்று அவன் சொல்லவும் தேவையில்லை.

ஐம்பது வருடமாகப் பார்க் பாயின்ட்டில் குடியிருக்கிற வாய். பல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பழக்கத்தில் பாலம் என்று சொல்லிவிட்டது.

டிக்கெட் ஜன்னலில் நல்ல வரிசை. பனி விலகிய சந்தோஷத்தில் ஊரே படகு ஏற வந்துவிட்டது. அம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாரித் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஒன்றும் பேசாமல் ஜன்னல் பலகையை இறக்கித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே யாரோ "ஏய்!" என்றார்கள்.

"என்னடி பண்றே? சூரியன் மறையுற நேரத்துப் பயணத்துக்கு இன்னும் பத்து இடம்தான் பாக்கி."

"அவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

அம்மா கையிலிருந்த டிக்கெட் கட்டை மேஜையில் வைத்தாள். அதன் ஓரத்தை விரலால் ஒழுங்கு செய்தாள். "ஓரமெல்லாம் தெரியுதுன்னு சொல்றானே."

"ஓரத்துல வர்ற படகையெல்லாம் பார்த்துடுவான். நேரா வர்றது?" மாரித்தின் குரல் உடைந்தது. "அப்பா, பொண்ணு ரெண்டு பேரும்மா. அந்தப் பொண்ணுக்கு எட்டு வயசுகூட இருக்காது. கையாட்டுச்சு. மயிரிழையில தப்பிச்சாங்க."

அம்மாவின் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தேய்த்து உதிர்த்தாள்.

"இந்த ஒரு சீசன்தான் கேட்டேன் அவன்கிட்ட" என்றாள். "நிறுத்திட்டா மறுநாளே ஹோல்கம் வந்து நிப்பான். உங்கப்பா பேர் போட்ட பலகையை அவன் கழட்டுறதை என்னால பார்க்க முடியாது. ஆர்னி வேண்டாம், வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான்..."

பலகையில் தட்டும் சத்தம். தொடர்ந்து அயோவாக் குரல், மரப்பலகை தடுத்தும் கணீரென்று கேட்டது.

"டெலோரெஸ் அம்மா! நான்தான், வாண்டா! எங்க கூட்டம் மொத்தமும் சாயங்காலம் இன்னொரு தடவை வரலாம்னு இருக்கு. அந்தக் கப்பல் பேர் விளையாட்டு இருக்குல்ல? மறுபடி விளையாடணுமாம் எல்லாருக்கும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ, பிரமாதம்!"

மாரித் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரை மத்தவங்க படிச்சுச் சொல்லட்டும்னு அந்த விளையாட்டை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் அம்மா.

வெளியே மறுபடி தட்டினார்கள். மாரித் தாழ்ப்பாளின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.